வானுக்குள் கரண்ட் இல்லையா? சோலாரிலும் இரண்டாம் பற்றரியிலும் பிழை பிடிக்கும் வழி

போன ஆடி மாதம், நிலாவெளிக் கரையில் ஒரு விடியற்காலை. மைத்துனனின் வானில் பிரிட்ஜ் நின்றுபோயிருந்தது. உள்ளே முதல்நாள் மாலை வாங்கிய பாரை மீன் இரண்டு கிலோ. பிரிட்ஜுக்கும் விளக்குக்கும் கரண்ட் கொடுக்கும் இரண்டாம் பற்றரி அது, வாங்கி மூன்று மாதம்தான். "அத்தான், பற்றரி பழுது. திருப்பிக் குடுக்கப் போறன்" என்று கழற்றவே தொடங்கிவிட்டான். "கொஞ்சம் பொறு" என்று மீட்டரை எடுத்தேன். பிரிட்ஜின் கம்ப்ரசர் ஓட முயலும் அந்தக் கணத்தில் பற்றரி முனையில் 12.4 வோல்ட். அதே கணத்தில் பிரிட்ஜின் பிளக்கில் 10.6. ஏறக்குறைய இரண்டு வோல்ட் நடுவழியில் காணாமல் போகிறது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் பியூஸ் ஹோல்டர். மூடியைத் திறந்தேன். பியூஸ் எரியவில்லை, ஆனால் அதைப் பிடித்திருந்த இரண்டு தகட்டிலும் பாசி படிந்தது போலப் பச்சைப் பொடி. தகட்டைச் சுரண்டித் துடைத்துப் புதுப் பியூஸ் போட்டதும் பிளக்கில் 12.2 வந்தது, பிரிட்ஜ் ஓடியது. பற்றரியில் ஒரு குறையும் இல்லை.

திருகோணமலையில் கடற்கரையோரம் வண்டி நிறுத்திப் படுப்பவர்கள் இதை மனதில் வைத்திருங்கள். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, அரிசிமலை என்று எங்கே நிறுத்தினாலும் உப்புக்காற்று செம்பைத் தின்னும். நான் பார்த்த பிழைகளில் பெரும்பகுதி பற்றரியிலும் இல்லை, சோலார் பனலிலும் இல்லை. இணைப்புகளில்தான். காசு கொடுத்து எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

முதலில் அளக்கும் முறை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஆனால் எப்போது அளக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்றுமே ஓடாத நேரத்தில் அளந்தால் அரித்துப்போன வயர்கூட முழு வோல்ட்டைக் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் பழுதான இணைப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதனால் பிரிட்ஜையோ விளக்குகளையோ போட்டுவிட்டு மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: பற்றரியின் முனைகளில், கன்ட்ரோலரில் (பனலிலிருந்து வரும் கரண்டை ஒழுங்குபடுத்திப் பற்றரிக்கு ஏற்றும் பெட்டி) பற்றரி வயர் மாட்டும் இடத்தில், கருவியின் பிளக்கில். எந்த இரண்டுக்கு நடுவில் வோல்ட் விழுகிறதோ அங்கேதான் பிழை.

இன்னும் நெருங்கிப் பார்க்க, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒரே இணைப்பின் இரு பக்கத்திலும் வையுங்கள். பியூஸுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கரண்ட் ஓடும்போது அங்கே பூச்சியத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். பிளஸ் வயரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வண்டியின் தகர உடலில் முறுக்கியிருக்கும் மைனஸ் முனையில் பெயின்ட்டோ துருவோ இருந்தாலும் இதே கதைதான்.

கை வைப்பதற்கு முன் மோதிரம், காப்பு, சங்கிலியைக் கழற்றுங்கள். 12 வோல்ட் ஆளை அடிக்காது, ஆனால் பற்றரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் உருகித் தெறிக்கும். ஹைபிரிட் வண்டியென்றால் ஒரேஞ்ச் நிற வயர் போகும் பக்கம் கையே போகக்கூடாது. அது உயிரைக் குடிக்கும் வோல்ட்.

நல்ல வெயில், ஆனால் பற்றரிக்கு ஒன்றும் ஏறவில்லை

பற்றரி ஏற்கெனவே நிறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கன்ட்ரோலர் 13.6 அளவில் நின்றுகொண்டு ஒரு அம்பியருக்கும் குறைவாகக் காட்டினால் அது பிழையல்ல. பற்றரி நிறைந்துவிட்டது, வேண்டாம் என்கிறது. பிரிட்ஜைப் போட்டுப் பாருங்கள், அம்பியர் கூடினால் எல்லாம் சரி.

பற்றரி இறங்கியிருந்தும் ஏறவில்லையா? பனலுக்கு மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி, கன்ட்ரோலரிலிருந்து பனல் வயரைக் கழற்றுங்கள். போர்வையை எடுத்துவிட்டு வயர் முனையில் வோல்ட்டை அளவுங்கள். வழக்கமான 100 வாட் பனலில் 20க்கும் 22க்கும் இடையில் வரும். அதில் ஏறக்குறைய பாதி, 10 அல்லது 11 மட்டும் வந்தால் பனலின் பின்பக்கப் பெட்டிக்குள் உள்ள பைபாஸ் டயோட் (நிழல் விழுந்த செல்களைச் சுற்றிக் கரண்டை விடும் சின்னப் பாகம்) ஒன்று ஷோர்ட் ஆகியிருக்கலாம். அந்த வோல்ட்டால் 12 வோல்ட் பற்றரிக்கு ஒரு துளியும் ஏற்ற முடியாது. டயோட் மலிவான பொருள், பெட்டி திறக்கக்கூடிய வகையென்றால் கராஜிலேயே மாற்றலாம். ஒன்றுமே வராவிட்டால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது.

வோல்ட் சரியாக இருந்தால் அம்பியரைப் பாருங்கள். மீட்டரை 10 அம்பியர் நிலைக்கு மாற்றி, சிவப்பு ஊசியை அதற்குரிய ஓட்டையில் மாட்டி, பனலை மூடிவிட்டு இரண்டு வயர்முனைக்கும் குறுக்கே இணைத்து, பிறகு போர்வையை எடுங்கள். ஒரு 100 வாட் பனல் மட்டும் என்றால் உச்சி வெயிலில் 5 முதல் 6 அம்பியர் காட்ட வேண்டும். இதைப் பனலில் மட்டுமே செய்யலாம். பற்றரியில் இப்படிச் செய்தால் மீட்டர் எரியும், கையும் எரியும்.

அம்பியர் மட்டும் குறைவு என்றால் இந்த ஊரில் மூன்று காரணங்களைச் சந்தேகிப்பேன்.

முதலாவது உப்பு. இரவில் பனி விழும்போது காற்றிலுள்ள உப்பும் மணல்தூசும் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்துவிடும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், விரல் நுனியை நாக்கில் வைத்தால் கரிக்கும். வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீர் ஊற்றி மென்மையான துணியால் துடைக்க வேண்டும். கடல் தண்ணீர் கூடவே கூடாது. உலர்ந்த மணலோடு தேய்த்தாலும் கண்ணாடியில் கீறல் விழும்.

இரண்டாவது நிழல். பனை மரத்தடியில் வண்டியை விட்டால் ஆட்களுக்குக் குளிர்ச்சி, பனலுக்குப் பட்டினி. பனலில் உள்ள செல்கள் மணிமாலை போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒற்றை ஓலையின் நிழல் இரண்டு செல்லை மறைத்தாலும் அந்த மணிமாலை முழுவதிலும் ஓடும் கரண்ட் சுருங்கிவிடும். கூரையிலுள்ள லக்கேஜ் கம்பியின் நிழல்கூடப் போதும். ஆட்களுக்கு நிழலும் வேண்டும் என்றால் மடக்குப் பனல் ஒன்றை நீள வயரில் வெளியே வெயிலில் வையுங்கள். வயர் நீளும்போது தடிப்பும் கூட வேண்டும். 5 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால், போய்வர 10 மீட்டர், 5 அம்பியருக்கு 0.8 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். 2.5 வயர் போட்டால் 0.35 அளவில் நிற்கும்.

மூன்றாவது கனெக்டர். பனல் வயரின் முனையில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் பூட்டு கனெக்டரைக் கழற்றி (பனலை மூடிய பிறகுதான்) உள்ளே எட்டிப் பாருங்கள். வெள்ளி போல மின்ன வேண்டிய ஊசி கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வயரின் தோலை உரித்தால் உள்ளே செம்பும் கறுத்திருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போக வேண்டும். அரை அடி போனாலும் கவலைப்படாதீர்கள்.

பனலை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பலர் கேட்கிறார்கள். தெற்குப் பக்கம் சாய்க்கச் சொல்லும் யோசனை நம்மை விட வடக்கே இருப்பவர்களுக்கானது. நாம் இருப்பது வடக்கே எட்டரை டிகிரியில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஜூன் மாதத்தில் உச்சிக்கு வடக்கே ஏறக்குறைய 15 டிகிரி போய்விடும். நிலாவெளிக்கு ஆட்கள் வரும் கோடைகாலத்தில் தெற்கே சாய்த்தால் நட்டம்தான். கூரையில் தட்டையாகவே விடுங்கள். டிசம்பரில் மட்டும் சூரியன் தெற்கே 32 டிகிரி சாய்ந்திருக்கும், அப்போது சாய்த்தால் பலன் உண்டு. ஆனால் அது வாடை மழைக்காலம், சாய்க்க வெயில் இருக்க வேண்டுமே.

சூட்டையும் கணக்கில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மதியத்தில் கூரைப் பனல் 60 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். அதாவது 100 வாட் பனல் 85 வாட் தந்தாலே நல்ல பனல். கூரையோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுப் பூட்டினால் காற்று ஓடும்.

கன்ட்ரோலர் முகம் வெறுமையாக இருக்கிறது

பற்றரிப் பக்கப் பியூஸைப் பாருங்கள். பிறகு பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முறைப்படி மாட்டுங்கள்: முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது தலைகீழ், முதலில் பனல். பற்றரி இல்லாமல் பனலை மட்டும் மாட்டினால் கன்ட்ரோலருக்கு எது 12 வோல்ட் அமைப்பு, எது 24 என்று தெரியாமல் தடுமாறும். சில மலிவு வகைகள் அப்படியே எரிந்தும் போகும்.

பகல் முழுக்க ஏறுகிறது, இரவு பத்து மணிக்கே தீர்ந்துவிடுகிறது

இதைச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் மீட்டரைக் கேட்பதில்லை, பேனாவைக் கேட்கிறேன். அம்பியர்மணி என்றால் ஒரு அம்பியர் ஒரு மணிநேரம் ஓடும் அளவு. 100 அம்பியர்மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், 50. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பற்றரியின் ஆயுள் போகும். சின்னக் கம்ப்ரசர் பிரிட்ஜ் ஓடும்போது 4 அம்பியர் அளவில் இழுக்கும். நம் வெயிலில் நாளில் பாதி நேரமாவது ஓடும். 12 மணிக்கு 48. அதோடு மின்விசிறி, விளக்கு, போன். 100 வாட் பனல் ஒன்று நல்ல வெயில் நாளில் தருவது ஏறக்குறைய 30 அம்பியர்மணி. வரவு 30, செலவு 50க்கு மேல். இதில் பழுது என்று ஒன்றும் இல்லை, கணக்குத்தான் இடிக்கிறது. இன்னொரு 100 வாட் பனல் போட்டால் தீரும். பிரிட்ஜுக்குள் சுடச்சுடப் பாத்திரம் வைப்பதை நிறுத்தி, அதன் பின்பக்கம் காற்றோட விட்டால் செலவு பக்கமும் இறங்கும்.

கணக்குச் சரியாக வந்தும் தீர்ந்துபோனால் பற்றரியைச் சோதியுங்கள். முழுக்கச் சார்ஜ் செய்து, எல்லாவற்றையும் கழற்றி, சில மணிநேரம் ஓய்வாக விட்டு அளந்தால் ஈயப் பற்றரியில் 12.7 இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் வெறுமை. பிறகு 4 அம்பியர் இழுக்கும் ஒன்றை 5 மணிநேரம் ஓட்டுங்கள், 20 அம்பியர்மணி போகும். மறுபடி ஓய்வு கொடுத்து அளந்தால் 100 அம்பியர்மணி பற்றரியில் 12.4 அல்லது அதற்கு மேல் நிற்க வேண்டும். 12.0க்கு வந்துவிட்டால் அதன் கொள்ளளவு போய்விட்டது. பெரும்பாலும் காரணம், மாதக்கணக்காக முழுக்க நிறையாமலே ஓட்டியதுதான். தகட்டில் சல்பேட் இறுகிவிடும். சோலாரில் ஓடும் ஈயப் பற்றரியை வீட்டுக் கரண்டில் ஒரு நல்ல சார்ஜரில் போட்டு இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரவு முழுவதும் நிறைத்துவிடுங்கள்.

12 வோல்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டரையும் மறக்காதீர்கள். ஒன்றும் மாட்டாமல் சும்மா போட்டு வைத்தாலே பல இன்வேட்டர்கள் அரை அம்பியர் குடிக்கும். ஒரு நாளைக்கு 12 அம்பியர்மணி. போன் சார்ஜ் பண்ண இன்வேட்டர் வேண்டாம், 12 வோல்ட் சொக்கட்டிலேயே போடுங்கள்.

லித்தியம் வகையில் வோல்ட் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. 13.2 என்பது முக்கால்வாசியாகவும் இருக்கலாம், பாதிக்குக் கீழேயும் இருக்கலாம். கடைசிவரை நின்றுவிட்டுச் சட்டென்று விழும். உள்ளே போனதும் வெளியே வந்ததும் எண்ணும் ஷண்ட் மீட்டர் போட்டால்தான் உண்மை தெரியும். மீட்டரில் பூச்சியம் காட்டினால் பற்றரி செத்துவிட்டது என்று பயப்படாதீர்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை கதவைச் சாத்தியிருக்கும். லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் திறந்துவிடும். வெயிலில் மூடிய வானுக்குள் சூடேறியும் இப்படி நிற்கலாம், கதவுகளைத் திறந்து ஆறவிட்டுப் பாருங்கள்.

வண்டி ஓடுகிறது, இரண்டாம் பற்றரிக்கு ஏறவில்லை

எஞ்சின் ஓடும்போது ஸ்டார்ட்டர் பற்றரியில் அளவுங்கள். 13.8 முதல் 14.4 வந்தால் ஒல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் பாகம்) வேலை செய்கிறது. பிறகு இரண்டாம் பற்றரியில் அளவுங்கள். இங்கே 12.5, அங்கே 14.2 என்றால் நடுவில் இரண்டு பற்றரியையும் இணைத்துப் பிரிக்கும் ரிலேயோ பியூஸோ மைனஸ் வயரோ போயிருக்கிறது. வோல்ட் பார்த்து இணைக்கும் ரிலே 13.3 அளவில் டக் என்று மூடும், 12.8 அளவில் திறக்கும். கையை அதன்மேல் வைத்துக்கொண்டு எஞ்சினைப் போட்டால் அந்தத் தட்டு விரலில் தெரியும்.

புதிய வண்டிகளில் ஸ்டார்ட்டர் பற்றரி நிறைந்ததும் எரிபொருள் மிச்சம் பிடிக்க ஒல்டர்னேட்டர் தானே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ரிலே திறந்துவிடும், இரண்டாம் பற்றரி பாதியில் நிற்கும். ரிலேயை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. வண்டியின் வோல்ட் குறைந்தாலும் அதைக் கூட்டி இரண்டாம் பற்றரிக்கு ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றுதான் வழி.

ஓடும் தூரத்தையும் பாருங்கள். டவுனிலிருந்து நிலாவெளிக்கு அரை மணி ஓட்டம். 20 அம்பியர் ஏறினாலும் 10 அம்பியர்மணிதான். கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக வருபவர்களுக்குப் பற்றரி நிறைந்திருக்கும். உள்ளூருக்குள் ஓடுபவர்களுக்கு நிறையாது.

காலையில் வண்டியே ஸ்டார்ட் ஆகவில்லை

இரண்டு பற்றரியும் இரவில் பிரியாமல் இருந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, பனலையும் மூடி, பிரிட்ஜை ஓடவிட்டு ஒரு மணிநேரம் கழித்து இரண்டிலும் அளவுங்கள். இரண்டும் ஒட்டியபடியே சேர்ந்து இறங்கினால் ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது, அல்லது யாரோ பிரிட்ஜை ஸ்டார்ட்டர் பற்றரியிலேயே மாட்டியிருக்கிறார்கள். ரிலேயைத் தட்டிச் சரி பண்ணாதீர்கள், புதிதாகப் போடுங்கள். பகலில் எஞ்சின் ஓடாதபோதே இரண்டும் இணைந்திருந்தால் கவலை வேண்டாம். இருபக்கமும் பார்க்கும் ரிலேயில் சோலார் 13.3ஐத் தாண்டினாலே இணையும்.

இன்வேட்டர் கத்திவிட்டு அணைந்துவிடுகிறது

வாட்டைப் பத்தால் வகுத்தால் 12 வோல்ட் பக்கத்து அம்பியர் ஏறக்குறைய கிடைக்கும். 500 வாட் ரைஸ் குக்கர் என்றால் 50 அம்பியர். அந்த அளவுக்கு மெல்லிய வயர் தாங்காது, வோல்ட் சரிந்து இன்வேட்டர் கத்தும். இன்வேட்டரைப் பற்றரிக்குப் பக்கத்தில் வைத்து, தடித்த குட்டை வயரில், நேரே பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக எடுங்கள். சோறு ஆக்குவது மட்டும் கேஸ் அடுப்பில் இருக்கட்டும்.

அழுகிய முட்டை வாசம், வீங்கிய பற்றரி

இதில் ஆராய்ச்சி வேண்டாம். பனலை மூடுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், கதவுகளை எல்லாம் திறவுங்கள், நெருப்புப் பெட்டியோ சுவிட்சோ தொடாமல் ஆட்களை வெளியே எடுங்கள். ஈயப் பற்றரிக்கு அளவுக்கு மிஞ்சி ஏறியிருக்கிறது, அல்லது உள்ளே ஒரு செல் ஷோர்ட். ஆறின பிறகு கழற்றுங்கள், அந்தப் பற்றரியைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். லித்தியம் வீங்கினாலும் அப்படியே.

அடுத்ததைப் போடுமுன் கன்ட்ரோலரின் அமைப்பைப் பாருங்கள். ஈயப் பற்றரிக்கு லித்தியம் நிலையில் வைத்திருப்பதும், தண்ணீர் ஊற்ற முடியாத மூடிய ஏஜிஎம் வகை ஈயப் பற்றரிக்கு, வேண்டுமென்றே வோல்ட்டைக் கூட்டி ஏற்றும் சமன்படுத்தும் சார்ஜ் போவதும்தான் வழக்கமான காரணம். சூடும் சேரும். ஈயப் பற்றரிக்கு 14.4 என்பது 25 டிகிரிக்கான அளவு. பற்றரி இருக்கும் இடம் 40 டிகிரி என்றால் 14.0 அளவில் நிறுத்த வேண்டும். வெப்பத்தை உணரும் வயர் கன்ட்ரோலரோடு வந்திருந்தால் அதைப் பற்றரியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள், பெட்டிக்குள் சுருட்டிப் போடாதீர்கள். முன் சீட்டுக்குக் கீழே எஞ்சின் இருக்கும் ஹையேஸ் போன்ற வான்களில் அந்தப் பக்கம் இரண்டாம் பற்றரியை வைக்கவே வேண்டாம், பின்பக்கம் கொண்டுபோங்கள்.

பியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது

பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. வயர் தாங்கும் அம்பியருக்கு மேல் பியூஸ் போட்டால் அடுத்த முறை எரிவது மெத்தைக்குக் கீழே ஓடும் வயராக இருக்கும். எல்லாக் கருவியையும் கழற்றிவிட்டுப் புதுப் பியூஸ் போடுங்கள். அப்போதும் எரிந்தால் வயரிலேயே ஷோர்ட், கதவுக் கீல், தகரத்தில் துளைத்த ஓட்டை, சீட் இரும்பு என்று உரசும் இடங்களைத் தடவிப் பாருங்கள். எரியாவிட்டால் கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள், எதில் எரிகிறதோ அதுதான். பற்றரியிலிருந்து பியூஸ் வரைக்கும் உள்ள வயரை ஒரு சாணுக்குள் வைத்திருங்கள். அந்தத் துண்டைக் காக்க வேறு எதுவும் கிடையாது.